புள்ளி இறங்கிய பிள்ளையும் வீட்டாரும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் கிழமைகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தரம் 8 முதல் 11 வரையான பிள்ளைகளைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். பதில்கள் படிப்பிக்கிற ஒருவருடையவை. வைத்தியரிடம் போகவேண்டிய விடயங்களை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

“ஒன்பதாம் ஆண்டு மட்டும் நல்லாத்தான் படிச்சவன். பத்தாம் ஆண்டு முதலாம் தவணையிலேயே கணிதமும் விஞ்ஞானமும் விழுந்துபோச்சு. திடீரென்று என்ன நடந்தது?”

பெரும்பாலும் திடீரென்று ஒன்றும் நடந்திருக்காது. பத்தாம் ஆண்டில் தெரியவருவது ஏழாம், எட்டாம் ஆண்டில் தொடங்கியதாகத்தான் இருக்கும். கீழ்வகுப்புகளில் பாடமாக்கி எழுதியே அறுபது, எழுபது புள்ளி எடுத்துவிடலாம். தரம் 10இல் அது நடக்காது. பின்னமும் திசைகொண்ட எண்களும் கைக்குள் வராத பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடு வெறும் எழுத்துக் கூட்டம். ஆசிரியர் கரும்பலகையில் மூன்றாவது வரிக்குப் போகும்போது இவன் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருப்பான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளூர்ப் பாடசாலைகள் பலவற்றில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு ஆசிரியர் பற்றாக்குறை புதிய செய்தி அல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்துபோகும் ஆசிரியருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டால் அடுத்தவர் வரும்வரை அந்தப் பாடவேளை சும்மா போகும். அதோடு 2020, 2021இல் பாடசாலைகள் நீண்ட காலம் மூடிக்கிடந்தபோது ஆரம்ப வகுப்புகளிலும் ஆறிலும் ஏழிலும் இருந்தவர்கள்தான் பிறகு சாதாரணதரத்துக்கு, அதாவது பதினோராம் ஆண்டோடு வரும் பொதுப் பரீட்சைக்கு, வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். சிக்னல் தேடி மரத்தடிக்கும் மதகுக்கும் போன பிள்ளைகள் அவர்கள். அந்த இடைவெளியைப் பிறகு யாரும் உட்கார்ந்து நிரப்பவில்லை.

வாய்க்கால் மேலே எங்கேயோ உடைந்திருக்க, கடைக்கோடி வயலில் நின்றுகொண்டு ‘தண்ணி ஏன் வரேல்லை’ என்று சத்தம் போடுவதில் பயனில்லை. நடந்துபோய் உடைப்பைப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. தரம் 7, 8, 9 கணிதப் புத்தகங்களை எடுங்கள். பழைய புத்தகம் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், அல்லது கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். ஒவ்வொரு அலகின் பயிற்சியிலும் இரண்டு கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். பேனை எங்கே நிற்கிறதோ அங்கேதான் உடைப்பு. உங்களுக்குக் கணிதம் தெரியவே வேண்டாம், பேனை நிற்பதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

நான் பார்த்தவரை, ஒன்றிரண்டு பாடத்தில் மட்டும் புள்ளி இறங்கினால் அது அத்திவாரக் குறை. எல்லாப் பாடமும், சித்திரம், சமயம் உட்பட, ஒரே தவணையில் சேர்ந்து விழுந்தால் பாடத்தைத் தேடாதீர்கள். பிள்ளையின் வாழ்க்கையில் ஏதோ நடந்திருக்கிறது. பாடசாலை மாறியது, கூட்டாளியோடு கோபம், யாராவது கேலி செய்வது, காதல், வீட்டுச் சண்டை, வாசலுக்குக் கிழமைதோறும் வரும் கடன்காரர். பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைப்பவர்கள் பெரியவர்கள் மட்டும்தான்.

“ரிப்போட் வந்த அன்றைக்கு என்ன கதைக்கிறது? பேசாமல் இருக்கவும் ஏலாது, பேசினால் அழுகிறாள்.”

அன்றைக்குக் குறைவாகக் கதையுங்கள். சாப்பாட்டைக் கொடுங்கள். கையெழுத்தை வைத்துவிட்டு, ‘சரி, இது எங்க பிழைச்சது எண்டு சனிக்கிழமை ரெண்டு பேரும் பார்ப்பம்’ என்று ஒரு வரி போதும். அந்தச் சனிக்கிழமையை மறக்கவும் கூடாது.

அன்றைக்கு உட்காரும்போது தேர்ச்சி அறிக்கையை வைத்துக்கொண்டு கதைக்காதீர்கள், விடைத்தாளை வைத்துக்கொண்டு கதையுங்கள். அறிக்கையில் 31 என்ற எண் மட்டும் இருக்கும். ஏன் என்பது விடைத்தாளில் இருக்கும். கேள்வி விளங்கவில்லையா, தெரிந்தும் நேரம் போதவில்லையா, பாதி எழுதிவிட்டு நின்றதா, தொடவேயில்லையா? இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. நேரம் போதாத பிள்ளையை ‘இன்னும் படி’ என்றால் அது இன்னும் மெதுவாக எழுதும்.

‘ஏன் குறைஞ்சது?’ என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது. ‘எந்தக் கேள்வியில நிண்டனி?’ என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டும்.

பெரியம்மாவின் மகள் ஒன்பது ஏ எடுத்ததை அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம். அந்த மகளையும் சேர்த்து வெறுக்க மட்டுமே அது பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்.

“நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மரத்துக்குக் கீழ இருந்து படிச்சனாங்கள். இவைக்கு கரண்ட் இருக்கு, சைக்கிள் இருக்கு, போன் இருக்கு. ஏன் படிக்க ஏலாது?”

இந்தக் கேள்வியில் உள்ள வலி உண்மையானது. இங்கே நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் எந்த ஆண்டு எந்த ஊரில் எந்த வகுப்பைப் பாதியில் விட்டோம் என்று சொல்வார்கள். போர் முடிந்த 2009இல் பிறந்த குழந்தைகள் சாதாரணதரம் எழுதும் வயதையும் தாண்டிவிட்டார்கள். இன்றைக்கு வகுப்பில் இருப்பவர்கள் போரைப் பார்க்காதவர்கள். ஆனால் போருக்குப் பிந்திய வீடுகளில் வளர்ந்தவர்கள். போரில் காயப்பட்ட அப்பாவின் காலைப் பார்த்து, சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அப்படி வளர்ந்த பிள்ளையிடம் ‘நாங்கள் இழந்ததை எல்லாம் நீதான் எடுக்கவேணும்’ என்று நேராகச் சொல்லவே தேவையில்லை. அதற்கு முதலே தெரியும். தனக்காக மட்டும் படிக்கும் பிள்ளைக்கு முப்பது புள்ளி என்றால் முப்பது புள்ளிதான். இல்லாமல் போன மாமாவுக்கும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைக்கு அதே முப்பது ஒரு துரோகம் போலத் தோன்றும். படிப்பதை விட்டுவிட்டால் தோற்கவும் வேண்டியதில்லை என்று சில பிள்ளைகள் முடிவெடுப்பது இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் அது சோம்பல் போலவே இருக்கும்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள், ஆனால் அளவுகோலாக வைத்து அளக்காதீர்கள். ‘பங்கருக்குள்ள படிச்சம்’ என்ற பகுதியைப் பிள்ளை நூறு தரம் கேட்டிருக்கும். எந்தப் பாடம் உங்களுக்கு வரவில்லை, யார் உட்கார்ந்து சொல்லித் தந்தார், எப்போது விட்டுவிட நினைத்தீர்கள் என்ற பகுதியை அநேகமாகக் கேட்டிருக்காது.

“‘எனக்கு மண்டையில ஏறாது அம்மா, விடுங்கோ’ என்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?”

சொல்லித் தேற்ற முடியாது. ‘உன்னால ஏலும்’ என்று பத்துத் தரம் சொன்னாலும், ஒரு கணக்கைத் தானாகச் செய்து சரி வரும்வரை பிள்ளை நம்பாது. அதனால் சரிவரக்கூடிய கணக்கைக் கொடுங்கள். தரம் 10 பிள்ளைக்குத் தரம் 8 கணக்கைக் கொடுப்பது அவமானம் என்று நினைக்க வேண்டாம். தம்பிக்கோ தங்கச்சிக்கோ சொல்லிக் கொடுக்கச் சொன்னால் அந்த அவமானமும் இருக்காது. சொல்லிக் கொடுக்க என்று உட்கார்ந்து தானே படித்துக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேர்.

சாதாரணதரத்துக்குக் கிட்ட நிற்கும் பிள்ளைக்கு வினாத்தாளின் அமைப்பையே எடுத்துக் காட்டலாம். கணிதத்தில் பகுதி I, பகுதி II என்று இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரிப்பார்கள். முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் 25 சின்னக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. சதவீதம், பரப்பளவு, எளிய சமன்பாடு, தொடைகள், கோணம் என்று பெரும்பாலும் இரண்டு மூன்று வரியில் முடிபவை. அந்த 50இல் 40 எடுக்கும் அளவுக்கு ஒரு பிள்ளை பழகிவிட்டால் என்ன நடக்கும்? சாதாரண சித்திக்கு வழமையாக 35 வேண்டும், அதாவது மொத்தம் 200இல் 70. நாற்பது ஏற்கனவே கையில். மிச்சம் இருக்கும் 150இல் 30 எடுத்தால் சித்தி.

இதைக் கடதாசியில் எழுதிக் காட்டுங்கள். ‘கணிதம்’ என்ற மலைக்குப் பயந்த பிள்ளை 25 சின்னக் கேள்விக்குப் பயப்படாது. கடந்தகால வினாத்தாள்களின் ஏ பகுதியை மட்டும் எடுத்து, ஒரு நாளைக்கு ஐந்து கேள்வி. பிழைத்ததை வேறொரு கொப்பியில் எழுதி, மூன்று நாள் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்தக் கொப்பிதான் முக்கியம். எல்லோரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

தொடக்கத்தில் ஒரு பாடத்தை மட்டும் எடுங்கள். ஒன்பது பாடத்தையும் ஒரே தவணையில் தூக்க நினைத்தால் ஒன்றும் எழும்பாது. பிள்ளை கொஞ்சமாவது விரும்பும் பாடத்தில் தொடங்கலாமே என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனால் கணிதமும் தமிழும் சித்தியில்லாமல் உயர்தரத்துக்கு, அதாவது 12, 13ஆம் ஆண்டுகளுக்கு, போவது கடினம் என்பதால் பத்தின் கடைசியிலோ பதினொன்றிலோ இருந்தால் நான் அவற்றில்தான் தொடங்குவேன்.

“விடிய நாலு மணிக்கு எழுப்பி விடுகிறோம். புத்தகத்தோடுதான் இருக்கிறான். ஆனால் ஒன்றும் நிற்கவில்லை.”

இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான்? பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டு முதல் பத்து மணித்தியாலம் தூக்கம் வேண்டும் என்பது வைத்திய வழிகாட்டல். இந்த வயதில் உடம்பின் மணிக்கூடு பின்னுக்குப் போகும், இரவில் தூக்கம் பிந்தித்தான் வரும். பதினொன்றரைக்குப் படுத்தவனை நாலுக்கு எழுப்பினால் புத்தகத்துக்கு முன்னால் இருப்பது உடம்பு மட்டும்தான். காலையில் படிக்க வேண்டுமென்றால் இரவில் நேரத்துக்குப் படுக்க வேண்டும். இரவும் முழித்திரு, விடியவும் எழும்பு என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, வாசிப்பதும் படிப்பதும் வேறு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருதரம் வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்களுக்குத்தான் கூட நினைவிருந்தது. பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

அதனால் வரலாறோ விஞ்ஞானமோ, இரண்டு பக்கம் வாசித்தால் கொப்பியை மூடு, தெரிந்ததை எழுது, பிறகு திறந்து விடுபட்டதைப் பார். முற்றத்தில் நடந்துகொண்டு சத்தமாகச் சொன்னாலும் சரி. முதல் கிழமை பிள்ளைக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் ஒன்றும் தெரியாதது போல இருக்கும். அந்த எரிச்சல் வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

“ரியூசன் போட்டால் சரிவருமா?”

உடைப்பு எங்கே என்று தெரிந்த பிறகு போட்டால் சரிவரலாம். தெரியாமல் போட்டால், பாடசாலையில் விளங்காத அதே அலகை அறுபது பேரோடு இருந்து இன்னொரு தரம் விளங்காமல் கேட்டுவிட்டு, இருட்டில் சைக்கிள் உழக்கி வருவதுதான் நடக்கும். ஊருக்குள் யானை வரும் பாதைகளில் அந்த நேரத்துப் பயணத்தையும் யோசிக்க வேண்டும். முன்னேறிய பிள்ளையை இன்னும் முன்னேற்றப் பெரிய வகுப்பு நல்லது. விழுந்த பிள்ளைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊரில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணாவோ அக்காவோ இருப்பார்கள். கிழமைக்கு இரண்டு நாள், ஒரு மணித்தியாலம். காசும் குறைவு, வெட்கமும் குறைவு.

“போனைப் பறிக்கலாமா?”

வகுப்பு ஆசிரியர் வேலையை வட்ஸ்அப்பில் போடும் காலத்தில் முழுதாகப் பறிக்க முடியாது. இரவில் போன் படுக்கும் இடம் பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது. அந்தச் சட்டம் அப்பாவின் போனுக்கும் சேர்த்து என்றால் சண்டை பாதியாகும். கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன. போனில் அதையும் ஒருதரம் திறந்து காட்டுங்கள்.

“வெட்டுக் காலத்தில் வயலில் ஆள் வேணும். மறிக்கவும் ஏலாது, அனுப்பவும் ஏலாது.”

காலபோக (மழைக்கால நெல்) அறுவடை முதலாம் தவணையோடு சேர்ந்து வருவது எங்கள் பிள்ளைகளின் விதி. வயலுக்குப் போவது படிப்பைக் கெடுக்காது, பாடசாலை நாட்களை விடுவதுதான் கெடுக்கும். சனி, ஞாயிறு போகட்டும். வார நாளில் ஒரு நாள் விட்டே ஆகவேண்டும் என்றால் அன்றைய கொப்பியை யாரிடம் வாங்குவது என்று முதலே பேசி வையுங்கள். ஒரு நாள் விட்ட கணிதம் அடுத்த மூன்று நாளையும் விளங்காமல் செய்யும்.

“படிப்பில் பிழை இல்லை, கண்தான் பிழை என்றார் ஒரு ரீச்சர். உண்மையா?”

இருக்கலாம். கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவரின் கொப்பியைப் பார்த்து எழுதுவது, பின்னேரத்தில் தலையிடி என்பவை இருந்தால் முதலில் கண்ணைப் பாருங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 7இலும் 10இலும் நடக்கும். அந்த நாளில் பிள்ளை வராமல் விட்டிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். பெண்பிள்ளை எப்போதும் களைப்பாக, வெளிறி இருந்தால் இரத்தச்சோகையா என்று பார்க்க ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை போதும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு போகும் பிள்ளைக்கு மூன்றாம் பாடவேளையில் எதுவும் ஏறாது. இதற்கு உளவியல் தேவையில்லை.

“மகள் வெளிநாட்டில வேலை. பேரன் என்னோடதான். எனக்குப் படிப்புத் தெரியாது. நான் என்ன செய்ய ஏலும்?”

அம்மம்மா, உங்களால் நிறையச் செய்ய ஏலும். பக்கத்தில் இருங்கள். அவன் படிக்கும் நேரத்தில் டிவியை நிற்பாட்டிவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டோ கச்சான் உடைத்துக்கொண்டோ அதே விளக்கடியில் இருங்கள். ‘இண்டைக்கு என்ன படிச்சனி, எனக்குச் சொல்லு பாப்பம்’ என்று கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள், திரும்பச் சொல்வான். மேலே சொன்ன அந்த 2006ஆம் ஆண்டுச் சோதனையின் வேலையை நீங்கள் சம்பளமில்லாமல் செய்கிறீர்கள்.

ஒரு விடயம் மகளோடு கதைத்து முடிவெடுங்கள். அம்மா போன் எடுக்கும்போது முதல் கேள்வி புள்ளியாக இருக்க வேண்டாம். கிழமைக்கு ஒருக்கால் கிடைக்கும் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் பரீட்சைக் கதை என்றால், பிள்ளை போனைக் கண்டாலே கிணற்றடிக்குப் போய்விடும்.

“கனடாவில் இருக்கிற மாமாதான் செலவைப் பார்க்கிறார். அவர் ஒவ்வொரு தவணையும் ரிப்போட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்.”

மாமாவுக்கு உரிமை உண்டு. ஆனால் படத்தைப் பெற்றோர் அனுப்பட்டும், விளக்கத்தையும் அவர்களே சொல்லட்டும். பிள்ளை மாமாவோடு கிரிக்கெட் கதைக்கட்டும். அங்கே பனியில் இரண்டு வேலை செய்கிறேன் என்ற கதையையும் கொஞ்ச நாளைக்கு ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.

“பாடசாலைக்குப் போய் ஆசிரியரோடு எப்படிக் கதைப்பது? போனால் எங்களுக்கும் சேர்த்துப் பேச்சு விழுகிறது.”

பெற்றோர் கூட்டத்தன்று நாற்பது பேருக்கு நடுவில் கேட்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் நேரம் கேட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, விடைத்தாளோடு போங்கள். ‘இவன் படிக்கிறான் இல்லை’ என்று நீங்களே தொடங்கினால் அவர்களும் அதிலேயே நிற்பார்கள். ‘தரம் 8இல் அட்சரகணிதம் விட்டுப்போயிருக்கு, இதுக்கு என்ன செய்யலாம் ரீச்சர்?’ என்று தொடங்கிப் பாருங்கள், பேச்சின் திசையே மாறும். வகுப்பில் முன்வரிசை, கிழமைக்கு ஒரு கொப்பி பார்த்தல், பிழைத்த கேள்வியை இடைவேளையில் கேட்க அனுமதி என்று சின்னதாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பல பாடசாலைகளில் உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரிடம் போவது பைத்தியத்துக்கு என்று நினைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடித்தால்தான் சரிவரும் என்று யாராவது சொன்னால், உங்கள் பிள்ளையை அடிக்க வேண்டாம் என்று மரியாதையாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பயந்த பிள்ளை கேள்வி கேட்காது. கேள்வி கேட்காத பிள்ளையின் புள்ளி ஏறாது.

“இது சோம்பலா, மனவருத்தமா? எப்படிக் கண்டுபிடிப்பது?”

படிக்கப் பஞ்சிப்படும் பிள்ளை கிரிக்கெட்டுக்குப் பஞ்சிப்படாது. விளையாட்டு, கூட்டாளிகள், பிடித்த சாப்பாடு, கோயில் திருவிழா எல்லாவற்றிலும் விருப்பம் போய், அது இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். தூக்கம் குழம்புவது, சாப்பாடு குறைவது, காரணமில்லாத வயிற்றுவலி, தலையிடி, சின்ன விடயத்துக்குப் பெரிய கோபம் எல்லாம் சேர்ந்து வரலாம். பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவதுண்டு.

‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்ற மாதிரி ஒரு சொல் வந்தால் அதைப் பகிடியாக எடுக்கக் கூடாது. நேராகக் கேளுங்கள்: ‘சாகவேணும் போல நினைப்பு வருதா?’ கேட்பதால் அந்த நினைப்புப் புதிதாக வராது. கேட்டவரிடம் சொல்லலாம் என்ற தைரியம்தான் வரும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு உண்டு. தேசிய உளநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்கிறார்கள் என்றால் சிறுவர் பாதுகாப்புக்கான இலக்கம் 1929.

விவசாயம் செய்யும் வீடுகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பூச்சிமருந்தையும் களைநாசினியையும் இன்றைக்கே பூட்டி வையுங்கள், அல்லது வீட்டில் வைக்காதீர்கள். கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகளை இலங்கை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு, 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்த தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதது உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு எங்கள் நாடே சாட்சி.

“சாதாரணதரத்தில் தவறிவிட்டால் எல்லாம் முடிந்துதானே?”

இல்லை. உயர்தரத்துக்கான பொதுவான விதி, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்று திறமைச் சித்தி, அதாவது சாதாரண சித்திக்கு மேலானவை. ஒன்பதில் ஆறு. திரும்பவும் எழுதலாம், எழுதி உயர்தரம் போனவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

பதின்மூன்று வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவு 2017இல் தொடங்கியது. சாதாரணதரப் பெறுபேறு எப்படி இருந்தாலும், அந்தப் பிரிவு உள்ள பாடசாலையில் 12, 13ஆம் ஆண்டுகளைப் படிக்கலாம். பாடசாலைக்கு வெளியே தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே கிடைக்கும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், என்.வி.கியூ. என்பார்கள், வெளிநாட்டு வேலைக்கும் மேற்படிப்புக்கும் பயன்படும். வாகனத்துறையும் மின்சாரமும் படித்த பிள்ளையைக் ‘கராச்சுக்குப் போறான்’ என்று குறைத்துச் சொல்வது எங்கள் பழைய நோய்.

உயர்தரத்துக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்று சொல்லி வையுங்கள். பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் மட்டுமே அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அறிவியல் நகரில்தான். அதன் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பல்கலைக்கழகம் தூரத்தில் இருக்கும் ஒரு விடயம் அல்ல, பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். லீவு நாளொன்றில் வாசலையாவது ஒருக்கால் காட்டிக்கொண்டு வாருங்கள்.

“எவ்வளவு காலத்தில் ஏறும்?”

அடுத்த தவணையிலேயே அறுபதைக் கேட்காதீர்கள். 28 எடுத்த பிள்ளை 37 எடுத்தால் அது பெரிய விடயம், அன்றைக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கலாம். புள்ளிக்கு முதலே வேறு அடையாளங்கள் தெரியும். வெறுமையாக விட்ட கேள்விகள் குறையும், பிழைத்த இடத்தைத் தானே சொல்லும், கொப்பியை ஒளிக்காது. மழைக்காலத்தில் வரும் மூன்றாம் தவணையில் கொஞ்சம் இறங்கினாலும் பதற வேண்டாம்.

“நான் பதினோராம் ஆண்டு. இரண்டாம் தவணை ரிப்போட்டில அப்பாவின்ர கையெழுத்தை நானே வைச்சிட்டன். இப்ப எப்படிச் சொல்லுறது?”

தம்பி, இன்றைக்கே சொல்லுங்கள். சாதாரணதரத்துக்கு முதல் எப்படியும் தெரியவரும், பிந்தினால் கையெழுத்துத்தான் பெரிய கதையாகும், புள்ளி பின்னுக்குப் போய்விடும். வீட்டில் கோபம் குறைந்தவரிடம் முதலில் சொல்லுங்கள். அநேகமான வீடுகளில் அது அம்மா, சில வீடுகளில் அப்பம்மா. வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு கடதாசியில் எழுதி, ரிப்போட்டுக்குள் வைத்துக் கொடுங்கள். மூன்று விடயம் எழுதினால் போதும்: என்ன செய்தேன், ஏன் பயந்தேன், எந்த இரண்டு பாடத்தில் உதவி வேண்டும். அடி விழும் என்ற பயம் உண்மையானதென்றால் வகுப்பாசிரியரையோ மாமாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அடுத்த நாள் பாடசாலைக்குப் போய் வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிட்டு, அப்பா கையெழுத்து வைக்க அதே அறிக்கையைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.